நாவலின் உபதேசம் எங்கே இருக்கிறது?

வில்லியம் பால் யங் எழுதிய ‘தி ஷாக்’ நாவல் 2007-ல் வெளிவந்தது. பதிப்பகங்கள் கைவிரித்த பிறகு, அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் சிறிய பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி அதை வெளியிட்டார்கள். பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. படித்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் அடுத்த சபைக்கும் கொடுத்தே பரவியது. அடுத்த ஆண்டிலேயே நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதுவரை 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, 2017-ல் திரைப்படமாகவும் வந்தது. கதை இதுதான்: மாக் என்பவரின் கடைசி மகள் மிஸ்ஸி, குடும்பத்தோடு முகாமிட்ட இடத்திலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்படுகிறாள். அவளுடைய ரத்தக்கறை படிந்த உடை ஒரு பாழடைந்த குடிசையில் கிடைக்கிறது. சில ஆண்டுகள் கழித்து மாக்கின் தபால் பெட்டியில் ஒரு கடிதம். அந்தக் குடிசைக்கு வரச்சொல்லி ‘பாப்பா’, அதாவது அப்பா, என்று கையெழுத்திட்டிருக்கிறது. அங்கே போனால் பிதாவாகிய தேவன் ஒரு கறுப்பினப் பெண்மணியாகச் சமையல் செய்துகொண்டிருக்கிறார். இயேசு மத்தியக் கிழக்கு முகத்தோடு தச்சுவேலை செய்கிறார். பரிசுத்த ஆவியானவர் ஆசியப் பெண்ணாகத் தோட்டத்தில் நிற்கிறார். ஒரு வார இறுதி முழுக்க இந்த மூவரோடும் மாக் பேசுவதுதான் நாவல்.

இதைப் பற்றிக் கிறிஸ்தவ உலகம் இரண்டாகப் பிரிந்தது. வேதாகமத்தை இன்றைய ஆங்கிலத்தில் தந்த யூஜின் பீட்டர்சன், பனியனுடைய ‘மோட்சப் பிரயாண’த்தோடு இதை ஒப்பிட்டுப் புகழ்ந்தார். தெற்கத்திய பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியின் தலைவர் ஆல்பர்ட் மோலர் போன்றவர்கள் கள்ள உபதேசம் என்று எச்சரித்தார்கள். எச்சரித்தவர்கள் செய்தது பெரும்பாலும் ஒரே வேலை: பாப்பா சொல்லும் வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து, திரித்துவம், நியாயத்தீர்ப்பு, இரட்சிப்பு என்ற தலைப்புகளில் வைத்து, வேத வாக்கியங்களோடு ஒட்டிப் பார்ப்பது. ஆதரித்தவர்கள் சொன்னதும் பெரும்பாலும் ஒரே பதில்: இது கதைதானே, கதையில் போய் உபதேசம் தேடலாமா? எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. நாவலில் உபதேசம் இருக்கிறது, கட்டாயம் தேட வேண்டும். ஆனால் அது பாத்திரங்கள் பேசும் வாக்கியங்களில் இல்லை. யாருக்கு என்ன நேர்கிறது, உதவி எங்கிருந்து வருகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற நிகழ்வுகளின் ஓட்டத்தில் இருக்கிறது. அங்கே பார்த்தால், திட்டு வாங்கிய சில புத்தகங்கள் வேறு காரணத்துக்காகத் திட்டு வாங்க வேண்டியவை என்றும், பத்திரமானவை என்று பெயர் வாங்கிய சில அப்படி ஒன்றும் பத்திரமானவை அல்ல என்றும் தெரியும்.

இந்த அளவுகோல் நானாகக் கற்பித்தது அல்ல. இயேசு சொன்ன உவமைகளைத்தான் பாருங்கள். லூக்கா 18-ல் தேவனுக்குப் பயப்படாத ஒரு நியாயாதிபதி வருகிறான். தொந்தரவு தாங்காமல் விதவைக்கு நியாயம் செய்கிறான். லூக்கா 16-ல் கணக்கைத் திருத்தின உக்கிராணக்காரனை எஜமான் மெச்சிக்கொள்கிறான். வாக்கியத்துக்கு வாக்கியம் உரசிப் பார்த்தால் இந்த இரண்டு உவமைகளும் எந்த உபதேசக் குழுவிடமும் தேறாது. அதே சமயம் ‘கதைதானே’ என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் ஆண்டவர் தம்முடைய மிக ஆழமான போதனையைக் கதையில்தான் வைத்தார். கெட்ட குமாரன் உவமையில் ஒரு சின்ன விஷயம் உண்டு. பன்றிகளின் நடுவில் உட்கார்ந்து மகன் தகப்பனிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். பாவம் செய்தேன், மகன் என்னப்படத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும், என்று மூன்று பகுதிகள். வீட்டுக்கு வந்து சொல்லும்போது முதல் இரண்டைத்தான் சொல்கிறான். மூன்றாவதுக்கு முன்பே தகப்பன் வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கிருபை என்றால் என்ன என்று அந்த உவமையில் யாரும் விளக்கவில்லை. கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்படி கேட்க முடியாமல் போனதுதான் விளக்கம்.

பனியன் இதை நன்றாக அறிந்தவர். உத்தரவில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர் அவர். ‘மோட்சப் பிரயாணம்’ 1678-ல் வெளியாகும் முன், நண்பர்களில் சிலர் அச்சிடச் சொன்னார்கள், சிலர் வேண்டாம் என்று தடுத்தார்கள். கற்பனையில் சத்தியத்தைச் சொல்லலாமா என்ற சண்டை அன்றே இருந்தது. தீர்க்கதரிசிகளும் அப்போஸ்தலர்களும் உவமையாகப் பேசவில்லையா என்று முன்னுரைக் கவிதையில் அவர் பதில் சொன்னார். பிறகு அந்தப் புத்தகத்தின் மேல் வந்த கூர்மையான இறையியல் குறை பிரசங்கியார் ஸ்பர்ஜனிடமிருந்து வந்தது. ஸ்பர்ஜன் அதை நூறு முறைக்கு மேல் படித்தவர், உயிராக நேசித்தவர். அவர் குறை சொன்னது எந்த வசனத்தையும் அல்ல. சிலுவை நிற்கும் இடத்தை. கதையின் நாயகன் கிறிஸ்தியான் பாவச் சுமையோடு முதலில் இடுக்கமான வாசலுக்குள் போகிறான், வழியில் ஒரு வீட்டில் தங்கிப் பாடம் கற்கிறான், அதற்கும் அப்பால்தான் சிலுவையைக் காண்கிறான், சுமை கழன்று உருள்கிறது. அப்படியானால் வாசலுக்குள் வந்த பிறகும் பாவி சிறிது தூரம் சுமையோடு நடக்க வேண்டுமா? சிலுவை வாசலிலேயே இருந்திருக்க வேண்டும் என்றார் ஸ்பர்ஜன். அவர் சொல்வது சரியா என்று வாதிடலாம். ஆனால் ஒரு கதையை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழில் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை இன்னும் ஒரு படி மேலே போனார். பனியன் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-ல் வந்தது. பனியனிடம் சிலுவை ஒரு மேட்டின்மேல் நிற்கும் காட்சி. அதில் யார், எப்படி மரித்தார் என்ற வரலாறு நிகழ்ச்சியாக விரிவதில்லை, வாசகருக்கு அது தெரியும் என்று அவர் எடுத்துக்கொண்டார். கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவின் பாடுகளையே இரட்சணிய சரிதப் படலமாகக் காப்பியத்துக்குள் கொண்டுவந்தார். கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்திலிருந்து வந்து, தம் 30-களின் தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்ற அவருக்கு, இரட்சிப்பு என்பது ஒருவர் பட்ட பாடு. அது கதையில் நடக்க வேண்டும், சுட்டிக்காட்டினால் மட்டும் போதாது. கதை மரபை அறிந்த கவிஞர் எடுத்த இறையியல் முடிவு அது.

பனியனிடம் இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும், ‘தி ஷாக்’குக்கு அது நேராகப் பொருந்தும். கிறிஸ்தியானும் அவன் நண்பனும் சந்தேகக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிக்கிக்கொள்கிறார்கள். புதன்கிழமையிலிருந்து இருட்டறையில் அடி, பட்டினி. செத்துப்போங்கள் என்று கத்தி, கயிறு, விஷம் மூன்றையும் அரக்கன் சொல்லிக் காட்டுகிறான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் முன் கிறிஸ்தியானுக்குச் சட்டென்று நினைவு வருகிறது: மடியில் வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதை எடுத்துக் கதவைத் திறக்கிறான். வெளியிலிருந்து யாரும் வரவில்லை, புதிதாக எதுவும் அருளப்படவுமில்லை. ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்த வார்த்தையே போதுமானதாக இருந்தது.

இப்போது மாக்கின் தபால் பெட்டிக்கு வாருங்கள். விமர்சகர்கள் அதிகம் பிடித்துக்கொண்டது பாப்பாவின் மணிக்கட்டில் இருக்கும் ஆணித் தழும்புகளை. பிதாவே சிலுவையில் பாடுபட்டார் என்று சொல்வது பழைய பிழை. 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் பிராக்ஸியாஸ் என்பவருக்கு எதிராக இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தழும்பு தவறு என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், கதை அப்படியே நிற்கும். பெண் உருவத்தை எடுத்தாலும் நிற்கும். முடிவுக்கு அருகில் பாப்பாவே ஆண் உருவத்தில் வந்து மிஸ்ஸியின் உடல் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுகிறார். எதை எடுத்தால் கதை விழுந்துவிடும்? கடிதத்தை, நேருக்கு நேர் விளக்கத்தை, மறுவுலகில் மிஸ்ஸி விளையாடுவதை மாக் கண்ணால் பார்ப்பதை. இவைதான் நாவலின் உண்மையான உபதேசம்: சபையோ வேதமோ திருவிருந்தோ தொட முடியாத துக்கத்தை ஒரு தனிப்பட்ட தரிசனம் ஆற்றும், காரணம் புரிந்துவிட்டால் வலி தணியும். மாக் இறையியல் கல்லூரியில் படித்தவர். அந்தப் படிப்புக்கும் அவர் போய்வந்த ஆலயத்துக்கும் கதையில் ஒரு வேலையும் இல்லை.

யோபுவின் முன்னும் தேவன் பெருங்காற்றில் வந்தாரே என்று கேட்கலாம். வந்தார். 38-ம் அதிகாரம் முதல் பேசினார். ஆனால் கேள்வி கேட்டார், விளக்கவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த உரையாடல் யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவே இல்லை. வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. அவருக்குப் பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், இறந்தவர்களை அவர் போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை. மாக்குக்குத் தரிசனமும் கிடைக்கிறது, விளக்கமும் கிடைக்கிறது, இறந்த மகளும் காட்டப்படுகிறாள். யோபு புத்தகம் எதை மறுத்ததோ அதையெல்லாம் இந்த நாவல் அள்ளிக் கொடுக்கிறது.

இன்னொன்று, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நாவலின் தொடக்கத்திலேயே ஒரு தகவல் வருகிறது. 13 வயதில், குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனை விட்டு ஓடும் முன், வீட்டில் கண்ட மதுப்புட்டிகளில் எல்லாம் மாக் எலி மருந்து போன்ற ஒரு விஷத்தைக் கலந்துவிட்டுப் போகிறார். ஒரு சிறுவன் வதைக்கப்பட்டான் என்பது உண்மை. அவன் கையில் கொலை இருந்தது என்பதும் உண்மை. பின்னால் மறுவுலகக் காட்சியில் தகப்பனைச் சந்திக்கிறார், அழுகிறார், மன்னிப்புக் கேட்கிறார், தழுவிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். மகளை இழந்த காயத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள், தகப்பனுக்கு வைத்த விஷத்துக்கு ஒரு தழுவல். சிலுவை இந்தக் கதையில் தழும்பாகவும் பேச்சாகவும் வருகிறது, மாக்கின் பாவத்தைச் சுமக்கும் நிகழ்வாக வருவதில்லை. மனிதன் முதலாவது காயப்பட்டவன், இரண்டாவதாகவே பாவி என்று கதையின் எடை சொல்கிறது. பாப்பா எந்த வசனத்தைச் சரியாகச் சொன்னாலும் இந்த எடை மாறாது.

நாவலின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மகளைக் கொன்றவனை மாக் மன்னிக்க வேண்டும் என்று பாப்பா கேட்கும் இடம் எளிதாக எழுதப்படவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. மன்னித்த பிறகும் மாக் போலீசுக்குத் தடயம் காட்டுகிறார், கொலைகாரன் பிடிபட்டு விசாரணைக்கு நிற்கிறான். மன்னிப்பு என்றால் வழக்கை மறைப்பது என்று நினைக்கும் சபைகளுக்கு இந்தக் கதைத் திருப்பம் ஒரு நல்ல போதனை. அதேபோல், பிள்ளைகளில் யார் நரகத்துக்குப் போக வேண்டும் என்று நீயே தீர்ப்புச் சொல் என்று ஞானம் என்ற பெண் மாக்கை நெருக்கும் காட்சியில், அவர் ‘என்னை அனுப்புங்கள்’ என்று கெஞ்சுவார். சிலுவைக்கு மிக அருகில் கதை வரும் இடம் அதுதான்.

‘இத்தனை பேருக்கு ஆறுதல் கொடுத்த புத்தகத்தை இப்படிப் பிரித்துப் போடலாமா?’ என்பது நியாயமான கேள்வி. பிள்ளையை இழந்த ஒருவர் இதைப் படித்து முதன்முறையாக அழ முடிந்தது என்றால் அந்த அழுகை பொய்யில்லை, அதை எடைபோட எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஆறுதல் தரும் புத்தகம், அடுத்த ஆறுதலை எங்கே எதிர்பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தே பழக்குகிறது. நம்மில் எவருடைய தபால் பெட்டிக்கும் அப்படி ஒரு கடிதம் வரப்போவதில்லை. நாவலிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார்: மாக்கின் மனைவி நேன். அதே மகளை இழந்த தாய். தேவனைப் ‘பாப்பா’ என்று முதலில் அழைத்தவரே அவர்தான். கடிதமும் குடிசையும் இல்லாமலேயே அவர் விசுவாசத்தில் நிற்கிறார். எப்படி நின்றார், எதைப் பற்றிக்கொண்டார் என்று நாவல் சொல்வதே இல்லை. துக்கத்தில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தேவை மாக்கின் கதையைவிட நேனுடைய கதைதான், அதை யங் எழுதவில்லை.

இனி, பத்திரமானது என்று பெயர் வாங்கிய வரிசைக்கு வருவோம். டிம் லஹே, ஜெரி ஜென்கின்ஸ் இருவரின் ‘லெஃப்ட் பிஹைண்ட்’ 1995-ல் தொடங்கி 2007 வரை 16 நாவல்களாக வந்து 6 கோடிக்கு மேல் விற்றது. நம் சபைகளில் ‘இரகசிய வருகை’ என்று பிரசங்கிக்கப்படும் உபதேசம்தான் அடிப்படை: உபத்திரவ காலத்துக்கு முன் கிறிஸ்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்பது. 1830-களில் டார்பி என்ற போதகர் வகுத்தது, 1909-ல் ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் வழியே பரவியது. அந்த உபதேசம் சரியா என்ற விவாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. சரி என்றே வைத்துக்கொள்வோம். கதை என்ன செய்கிறது? லண்டன் போகும் 747 விமானத்தில் பயணிகள் பலர் உடைகளை விட்டுவிட்டு மறைகிறார்கள். விமானி ரேஃபோர்டு வீடு திரும்பினால் மனைவியும் மகனும் இல்லை. மனைவி போன ஆலயத்துக்குப் போகிறார். கைவிடப்பட்டவர்களுக்காகவே போதகர் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த வீடியோ இருக்கிறது. பார்க்கிறார், நம்புகிறார். நடந்ததும் சொன்னதும் பொருந்துகின்றன, ஆகவே முடிவுக்கு வருகிறார். எபிரெயர் 11 விசுவாசத்தைக் காணப்படாதவற்றோடு சேர்த்துச் சொல்கிறது. காணாமல் நம்புகிறவர்களைத் தோமாவிடம் ஆண்டவர் பாக்கியவான்கள் என்றார். இந்தக் கதையிலோ விசுவாசம் கண்கூடான ஆதாரத்தின் விளைவு.

அதன் பிறகு ரேஃபோர்டு அந்திக்கிறிஸ்துவின் விமானத்தையே ஓட்டுகிறார், அவருடைய நண்பர் பக் அவனுடைய பத்திரிகையை நடத்துகிறார். அடுத்து என்ன நடக்கும் என்ற அட்டவணை இவர்கள் கையில் இருக்கிறது. பூகம்பத்தில் திரள் திரளாக மக்கள் சாகும்போது, அட்டவணையில் இன்னொன்று நிறைவேறியது என்ற உறுதி துக்கத்தை முந்திக்கொள்கிறது. விசுவாசிகள் சிரச்சேதம் ஆகிறார்கள், அதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 12 ஆட்டுக்குட்டியின் இரத்தத்தாலும் சாட்சியாலும் ஜெயித்தார்கள் என்று சொல்லும் இடத்தில், இந்தக் கதையில் அந்த மரணங்கள் ஜெயம் அல்ல, ஜெயம் வரும்வரை பொறுக்க வேண்டிய இழப்பு. ஜெயம் 2004-ல் வந்த ‘குளோரியஸ் அப்பியரிங்’ நாவலில் வருகிறது. கிறிஸ்து பேசப் பேச எதிரிப் படைகளின் உடல்கள் பிளந்து விழுகின்றன. சிங்கம் என்று சொல்லக் கேட்டுத் திரும்பின யோவான் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியைக் கண்டது வெளிப்படுத்தின விசேஷத்தின் 5-ம் அதிகாரம். முழுப் புத்தகமும் சுழலும் அச்சு அது. அந்த அச்சைக் கழற்றிவிட்டு மீதி எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து வைத்திருக்கும் வரிசையை ‘வேதத்தின்படியானது’ என்று எப்படிச் சொல்வது? பாத்திரங்களின் வாயில் ஒரு கள்ள உபதேசமும் இல்லை என்பதால் சோதிப்பவர்கள் இதைக் கடந்துபோனார்கள்.

ஃபிராங்க் பெரெட்டியின் ‘திஸ் பிரசண்ட் டார்க்னெஸ்’ (1986) பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதில் தேவதூதர்களின் பலம் ஊரில் எத்தனை பேர் ஜெபிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜெபம் குறைந்தால் வாள் தளர்கிறது. ஜெபத்தைத் தூண்டியதற்காக எத்தனையோ போதகர்கள் அந்த நாவலைக் கொண்டாடினார்கள். தானியேல் மூன்று வாரம் உபவாசித்தபோது தூதனுக்கு நேர்ந்த தாமதத்தைக் கொண்டு அதை நியாயப்படுத்தவும் செய்வார்கள். ஆனால் தானியேலுக்கு அந்தப் போராட்டம் நடப்பதே தெரியாது. அவர் யாருக்கும் பலம் ஏற்றிக்கொண்டிருக்கவில்லை, தேவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் விரும்பும் புத்தகங்களையும் இதே அளவுகோல் விட்டுவைக்காது. சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் கடைசியான ‘தி லாஸ்ட் பேட்டில்’ (1956) நாவலில், தாஷ் என்ற பொய்த் தெய்வத்தை உண்மையாகத் தேடிய எமேத் என்ற படைவீரனை, கிறிஸ்துவைக் குறிக்கும் சிங்கமான அஸ்லான் ஏற்றுக்கொள்கிறார். கிறிஸ்துவை அறியாமலே ஒருவன் அவரைச் சேவித்திருக்க முடியும் என்ற கருத்து அது. பல சபைகளின் விசுவாச அறிக்கை இதை ஏற்காது, எனக்கும் இதில் லூயிஸோடு உடன்பாடில்லை. ‘தி ஷாக்’கைக் கிழித்தவர்கள் பலர் எமேத்தைக் கண்டுகொள்ளாமல் போவது நேர்மையில்லை. ஆனால் எமேத்தை எடுத்துவிட்டாலும் நார்னியா நிற்கும். கல் மேசையை எடுத்தால் நிற்காது. 1950-ல் வந்த முதல் நாவலில் எட்மண்டு துரோகி. துரோகியின் இரத்தம் சூனியக்காரிக்குரியது என்பது அவள் சட்டமல்ல, பேரரசரின் சட்டம். அஸ்லான் அந்தச் சட்டத்தை மீறாமல், தன் உடலை மேசையில் வைக்கிறார். அதற்கு முன் அஸ்லானும் எட்மண்டும் தனியாக நடந்து பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்று லூயிஸ் ஒரு வரிகூடத் தரவில்லை. மாக்குக்கு நாவல் முழுக்கப் பேச்சு. எட்மண்டுக்கு ஒரு பேச்சும் நம் காதில் விழுவதில்லை, ஆனால் அவன் குற்றத்துக்கு யார் என்ன கொடுத்தார் என்பதில் வாசிக்கும் குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வராது.

அதனால் எமேத்தைப் பற்றி லூயிஸோடு சண்டை போட்டுக்கொண்டே நார்னியாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்பது என் முடிவு. ‘தி ஷாக்’கைத் துக்கத்தில் இருக்கும் ஒருவர் கேட்டால் தடுக்க மாட்டேன், யோபுவின் கடைசி அதிகாரங்களையும் கூடவே படிக்கச் சொல்வேன், நேன் என்ற அந்தத் தாயைக் கவனிக்கச் சொல்வேன். ‘லெஃப்ட் பிஹைண்ட்’டை வாலிபர் கூட்டங்களில் பரிசாகக் கொடுக்கும் பழக்கத்தைத்தான் நிறுத்தச் சொல்வேன்.